ஒரே சர்வரில் இரண்டு தளம்: டியூஷன் முகவரியைத் தட்டினால் மண்டித் தளம் ஏன் வருகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. ஒரே விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த இணையச் சர்வர்) உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், அதில் தளங்களைப் பரிமாறும் அப்பாச்சி மென்பொருள். அப்பாவின் தக்காளி மண்டிக்கு ஒரு தளம், தன்னுடைய டியூஷன் சென்டருக்கு ஒரு தளம். மண்டித் தளம் ஒழுங்காக ஓடுகிறது. டியூஷன் முகவரியை மூன்று டபிள்யூ சேர்த்துத் தட்டினால் மண்டித் தளம் வருகிறது. சேர்க்காமல் தட்டினால் ‘403 ஃபர்பிடன்’, அதாவது ‘அனுமதி இல்லை’. அண்ணனின் போனில் பார்த்தால் இரண்டுமே வராமல், டொமைன் விற்ற கம்பெனியின் ‘விரைவில் வருகிறது’ பக்கம். பலமுறை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. கடைசியில், “இரண்டாவது ஐபி வாங்கினால்தான் சரியாகுமா?” என்று கேட்டிருக்கிறார்.

இன்னொரு ஐபி (சர்வரின் எண் முகவரி) வேண்டாம், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: ஒரே ஐபிக்கு வரும் கோரிக்கைகளை எந்தத் தளத்துக்குக் கொடுப்பது என்று அப்பாச்சி எதை வைத்து முடிவு செய்கிறது, அந்த முடிவு உங்களுக்கு ஏன் இப்படி மூன்று விதமாக வருகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் சிறிய கம்பெனிகளுக்கு லினக்ஸ் சர்வர் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தக் கேள்வி வேறு வேறு வேடத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கும். உங்கள் கான்ஃபிக் ஃபைலை (அப்பாச்சியின் அமைப்புகள் உள்ள ஃபைல்) நீங்கள் இங்கே போடவில்லை. அதனால் நான் சொல்வதில் சில உறுதி, சில ஊகம். எது எதுவென்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் இதை ஒரே கோளாறு என்று நினைத்துத் தேடுகிறீர்கள். எனக்கு மூன்று தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. மண்டித் தளம் வருவது அப்பாச்சியின் பெயர்ப் பொருத்தத்தில் உள்ள குறை. 403 வருவது ஃபோல்டர் அனுமதியில் உள்ள குறை. அண்ணனின் போனில் வருவது உங்கள் சர்வருக்கே வராத கோரிக்கை, அதாவது தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் உள்ள குறை. ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று அப்படியே இருப்பதால், செய்த திருத்தம் வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிடுவோம். இரண்டு நாள் இப்படியே ஓடிவிடும். அதுபோக, உங்களைப் பயமுறுத்தும் அந்த 403தான் இதில் நல்ல செய்தி. ஏன் என்று கீழே வருகிறேன்.

பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது ஐபியைத் தொடர்புகொண்டு, கூடவே ‘ஹோஸ்ட்’ என்ற ஒரு வரியில் நீங்கள் தட்டிய பெயரையும் அனுப்புகிறது. 1997இல் வந்த ஹெச்டிடிபி 1.1 இந்த வரியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய 1.0 பதிப்பில் அந்தக் கட்டாயம் இல்லாததால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி தேவைப்பட்டது. உங்களுக்கு இரண்டாவது ஐபி வாங்கச் சொன்னவர் அந்தக் காலத்துப் பாடத்தை எங்கோ படித்திருக்க வேண்டும். அதே போலப் பழைய கட்டுரைகளில் ‘நேம்விர்ச்சுவல்ஹோஸ்ட்’ என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்க்கச் சொல்வார்கள். 2012இல் வந்த அப்பாச்சி 2.4 முதல் அதுவும் தேவையில்லை. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெயரைப் பார்த்த அப்பாச்சி, ஒவ்வொரு விர்ச்சுவல் ஹோஸ்ட் பிளாக்கிலும் (கான்ஃபிக்கில் ஒரு தளத்துக்கான பகுதி) உள்ள ‘சர்வர்நேம்’ (பெயர்), ‘சர்வர்அலியாஸ்’ (மாற்றுப் பெயர்) வரிகளோடு அதை ஒப்பிடும். பொருந்தினால் அந்தத் தளம். எதுவுமே பொருந்தாவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பாது; வரிசையில் முதலில் உள்ள தளத்தையே கொடுத்துவிடும். உங்கள் ஊர் மண்டியில் பெயர் எழுதாத தக்காளிப் பெட்டியை வாசலில் இருக்கும் முதல் கடையில் இறக்கிவிட்டுப் போவதைப் போலத்தான் இது. உபுண்டுவில் அந்த வரிசை, ‘சைட்ஸ்-எனேபிள்டு’ ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயர்களின் ஆங்கில அகரவரிசை. இயல்பாக வரும் ஃபைலின் பெயர் மூன்று பூஜ்ஜியத்தோடு தொடங்குவது அதனால்தான். அது எப்போதும் முதலில் நிற்க வேண்டும். அதை நீங்கள் முடக்கியிருந்தால் எம் எழுத்தில் தொடங்கும் மண்டி ஃபைல், டி எழுத்தில் தொடங்கும் டியூஷன் ஃபைலுக்கு முன்னால் வந்துவிடும். அப்புறம் யாருக்கும் பொருந்தாத பெயரெல்லாம் மண்டிக்குத்தான் போகும்.

ஆக, மூன்று டபிள்யூ சேர்த்தால் மண்டி வருவதன் காரணம் இது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம்: டியூஷன் பிளாக்கில் சர்வர்நேம் வரியில் வெறும் பெயர் மட்டும் இருக்கிறது, மூன்று டபிள்யூ உள்ள பெயரை அலியாஸாகச் சேர்க்கவில்லை. நமக்கு இரண்டும் ஒரே முகவரி. அப்பாச்சிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். சர்வர்நேம் வரிக்குக் கீழே சர்வர்அலியாஸ் என்று எழுதி, மூன்று டபிள்யூ உள்ள முழுப் பெயரையும் கொடுங்கள். அங்கே ‘ஹெச்டிடிபி’யோ சாய்கோடோ வரக்கூடாது, பெயர் மட்டும்.

எழுதியாயிற்று என்று கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம், அப்பாச்சியையே கேளுங்கள். ‘அப்பாச்சி2சிடிஎல்’ கட்டளையோடு ஒரு ஹைபனும் பெரிய எழுத்து எஸ்ஸும் சேர்த்து, முன்னால் சூடோ (நிர்வாகியாக ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டுங்கள். இந்த விவகாரத்தில் ஒரே ஒரு கட்டளைதான் கற்றுக்கொள்வேன் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன். அதில் ‘ஸ்டார் கோலன் 80’ என்று ஒரு தலைப்பு வரும்; எந்த ஐபியானாலும் சரி, 80ஆம் போர்ட் (சாதாரண வலைக் கோரிக்கைகள் வரும் வாசல்) என்று பொருள். அதன் கீழே ‘டிஃபால்ட் சர்வர்’ என்று ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் அது எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்ற விவரம். அதற்கடியில் ‘போர்ட் 80 நேம்விஹோஸ்ட்’ என்று ஒவ்வொரு தளமும் வரிசையாக. அலியாஸ் இருந்தால் சற்று உள்ளே தள்ளித் தனி வரியில் தெரியும். டியூஷன் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் ஃபைல் ‘சைட்ஸ்-அவைலபிள்’ ஃபோல்டரோடு நின்றுவிட்டது, தளத்தை இயக்கும் ‘ஏ2என்சைட்’ கட்டளையை ஓட்டவில்லை என்று பொருள். அல்லது ஃபைல் பெயரின் கடைசியில் ‘டாட் கான்ஃப்’ விட்டுப் போயிருக்கும். அது இல்லாத ஃபைலை உபுண்டு அப்பாச்சி எடுத்துக்கொள்ளாது. டியூஷன் இருக்க வேண்டிய இடத்தில் விபிஎஸ்ஸின் ஹோஸ்ட்நேம் தெரிந்தால் சர்வர்நேம் வரியையே மறந்துவிட்டீர்கள். ஏஹெச்00558 என்று தொடங்கி, சர்வரின் முழுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தால் அது வெறும் எச்சரிக்கைதான். அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், பலர் அங்கேதான் நேரத்தைத் தொலைக்கிறார்கள். இன்னொன்று: இந்தக் கட்டளை டிஸ்க்கில் உள்ள ஃபைலைப் படித்துச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி பழைய கான்ஃபிக்கை வைத்திருக்கலாம். அதனால் ரீலோட் (கான்ஃபிக்கை மறுபடி படிக்க வைப்பது) செய்த பிறகே சோதியுங்கள்.

அந்தப் பட்டியலில் ஸ்டாருக்குப் பதிலாக எங்காவது உங்கள் ஐபி எண்ணே தெரிந்தால் அங்கே நின்று பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு இதே சிக்கல், அதுவும் சீசன் நேரத்தில். முன்பு சர்வர் பார்த்தவர் முதன்மைத் தளத்தின் பிளாக்கில் 203.0.113.25 மாதிரி எண்ணை நேரடியாக எழுதியிருந்தார் (எண்ணை மாற்றியிருக்கிறேன்). பின்னால் வந்தவர் ஆர்டர் எடுக்கும் தளத்தின் பிளாக்கில் ஸ்டார் போட்டிருந்தார். சர்வர்நேம் சரி, அலியாஸ் சரி, ஆனாலும் ஆர்டர் முகவரியில் முதன்மைத் தளமே வந்தது. அப்பாச்சி பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஐபியையும் போர்ட்டையும் பார்க்கும். எண் நேரடியாகப் பொருந்தும் பிளாக் ஒன்றே ஒன்று இருந்தாலும், ஸ்டார் உள்ள பிளாக்குகளை அது திரும்பியே பார்க்காது; பெயர்ப் பொருத்தம் அந்த எண் உள்ளவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், சர்வருக்குள் இருந்துகொண்டு 127.0.0.1 (சர்வர் தன்னையே குறிக்கும் எண்) வழியாகச் சோதித்தால் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் அந்த எண் ஸ்டாருக்குத்தான் பொருந்தும். வெளியிலிருந்து பார்த்தால்தான் தப்பு தெரியும். எல்லாப் பிளாக்கிலும் ‘ஸ்டார் கோலன் 80’ என்று ஒரே மாதிரி எழுதியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கு இது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மூன்று டபிள்யூ இல்லாத பெயர் டியூஷன் பிளாக்கைத் தொடுகிறது. ஆனாலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி அந்த நல்ல செய்தி. மூன்று டபிள்யூ இல்லாமல் தட்டும்போது மண்டித் தளம் வராமல் 403 வருகிறதென்றால், அப்பாச்சி டியூஷன் பிளாக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. தேர்ந்தெடுத்த பிறகு ஃபைலைக் கொடுக்க முடியாமல் நிற்கிறது. காரணம் எர்ரர் லாகில் (பிழைகளின் பதிவேடு) அப்படியே எழுதியிருக்கும். ‘வார் / லாக் / அப்பாச்சி2’ ஃபோல்டரில் உள்ள எர்ரர் லாகின் கடைசி வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் பிரவுசரைப் புதுப்பியுங்கள். டியூஷன் பிளாக்கில் தனியாக ஒரு லாக் ஃபைல் பெயர் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். அங்கே வரும் எண்தான் நோய்க்குப் பெயர். ஏஹெச்00035 வந்தால், பாதையில் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் நுழையவே அப்பாச்சிக்கு அனுமதி இல்லை. ஏஹெச்01630 வந்தால், கான்ஃபிக்கே தடுக்கிறது. ஏஹெச்01276 வந்தால், ஃபோல்டருக்குள் போய்விட்டது, ஆனால் ‘இன்டெக்ஸ்’ ஃபைல் இல்லை; பெரும்பாலும் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பீர்கள், விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும்.

என் ஊகம் முதலாவது. டியூஷன் ஃபைல்களை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறீர்களா? உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750. அதாவது சொந்தக்காரரும் அவருடைய குழுவும் தவிர வேறு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அப்பாச்சி ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற தனிப் பயனராக ஓடுவதால் அது வெளி ஆள். 20.04 காலத்தில் எழுதிய பாடங்களில் ஹோமுக்குள் வைத்தே காட்டியிருப்பார்கள், அப்போது அது ஓடியது. நீங்கள் 22.04இல் அதே படிகளைச் செய்தால் 403 வரும். ‘நேம்ஐ’ என்ற கட்டளையோடு ஹைபன் எல் சேர்த்து, தளத்தின் முழுப் பாதையையும் கொடுத்தால், மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் ஒரே பட்டியலாகக் காட்டிவிடும். எந்தப் படியில் கடைசி மூன்று இடங்களும் வெறும் கோடாக இருக்கிறதோ அங்கேதான் கதவு மூடியிருக்கிறது.

இங்கேதான் எல்லோரும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போடுவார்கள். தளத்தின் ஃபோல்டருக்கு 777 போட்டாலும் உங்கள் சிக்கல் தீராது, ஏனென்றால் மூடியிருப்பது அதற்கு மேலே இருக்கும் ஹோம். தீராதது மட்டுமல்ல, சர்வரில் ஓடும் எந்த நிரலும் அதில் எழுதலாம் என்ற நிலையையும் உண்டாக்கிவிடுகிறீர்கள். ஃபைல்களை ‘வார் / டபிள்யூடபிள்யூடபிள்யூ’ ஃபோல்டருக்குக் கீழே டியூஷன் என்று தனி ஃபோல்டர் போட்டு நகர்த்துங்கள். ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 போதும் (எல்லோரும் படிக்கலாம், சொந்தக்காரர் மட்டும் எழுதலாம்). டியூஷன் பிளாக்கில் தளத்தின் ஃபோல்டரைச் சொல்லும் ‘டாக்குமென்ட்ரூட்’ வரியையும் புதிய பாதைக்கு மாற்றுங்கள். அந்த இடத்துக்கு நகர்த்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. உபுண்டுவின் முதன்மைக் கான்ஃபிக் ஃபைல் மொத்த டிஸ்க்குக்கும் தடை போட்டுவிட்டு, அந்த ஃபோல்டர் போன்ற ஓரிரு இடங்களுக்கு மட்டுமே அனுமதி தருகிறது. வேறு எங்காவது வைத்தால் நீங்களே ஒரு டைரக்டரி பிளாக் எழுதி ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்று சேர்க்க வேண்டியிருக்கும்; ஏஹெச்01630 வருவது அதை மறந்தவர்களுக்குத்தான். ‘ஆர்டர் அலவ், டினை’ என்று தொடங்கும் வரியை எங்கிருந்தாவது நகலெடுத்திருந்தால் அது 2.2 காலத்து இலக்கணம், தூக்கிவிடுங்கள். உபுண்டு என்பதால் இதோடு போயிற்று. ஆல்மா, ராக்கி மாதிரி வேறு லினக்ஸ் சர்வராக இருந்தால் எஸ்இலினக்ஸ் என்று இன்னொரு காவலும் உண்டு, நகர்த்திய பிறகு ‘ரெஸ்டோர்கான்’ ஓட்ட வேண்டியிருக்கும்.

அண்ணனின் போன் விஷயத்தில் எனக்கு உறுதி குறைவு. டொமைனின் டிஎன்எஸ்ஸை நேற்றுத்தான் மாற்றினீர்கள் என்றால் பழைய பதில் எங்காவது தங்கியிருக்கலாம், சில மணி நேரம் பொறுத்தால் போய்விடும். மாற்றி ஒரு வாரம் ஆகிறதென்றால் நான் சந்தேகப்படுவது ஐபிவி6, அதாவது புதிய வகை நீளமான ஐபி முகவரி. டொமைன் வாங்கும்போதே விற்பவர்கள் தங்கள் தற்காலிகப் பக்கத்துக்கு ‘ஏ’ ரெக்கார்டும் (பழைய ஐபிவி4 முகவரி) ‘குவாட் ஏ’ ரெக்கார்டும் (ஐபிவி6 முகவரி) சேர்த்து வைத்திருப்பார்கள். நாம் ‘ஏ’ ரெக்கார்டை மட்டும் நம் சர்வருக்கு மாற்றுவோம், மற்றது அப்படியே கிடக்கும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி6 பரவலாக ஓடுகிறது, போன் அதையே முதலில் எடுக்கும். உங்கள் வீட்டு இணைப்பு வெறும் ஐபிவி4 ஆக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ‘டிக்’ கட்டளையில் டியூஷன் பெயரோடு நான்கு ஏ எழுத்துகளைச் சேர்த்துக் கேளுங்கள். பதிலாக ஒரு நீளமான முகவரி வந்து, அது உங்கள் விபிஎஸ்ஸினுடையது இல்லையென்றால், டிஎன்எஸ் பக்கத்தில் அந்த ரெக்கார்டை நீக்கிவிடுங்கள். மூன்று டபிள்யூ உள்ள பெயருக்கும் தனியாகக் கேட்க மறக்க வேண்டாம். எதுவும் வரவில்லையென்றால் என் ஊகம் தப்பு. அண்ணனின் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுத்து மறுபடி பாருங்கள்.

சோதிக்கும்போது பிரவுசரை நம்பாதீர்கள். எப்போதோ ஒரு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தைப் பார்த்திருந்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு சர்வரைக் கேட்காமலே பழைய இடத்துக்குப் போகும். ‘கர்ல்’ கட்டளையில் ஹைபன் பெரிய ஹெச் போட்டு ஹோஸ்ட் பெயரை நீங்களே கொடுத்து, உங்கள் பொது ஐபியை நேரடியாகக் கேளுங்கள். இதில் டிஎன்எஸ்ஸுக்கு வேலையே இல்லை. அதில் டியூஷன் பக்கம் வந்து பிரவுசரில் வராவிட்டால் அப்பாச்சியைத் தொடாதீர்கள், குறை அதற்கு வெளியே இருக்கிறது.

ரீஸ்டார்ட்டையும் விட்டுவிடுங்கள். ‘அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’ ஓட்டி ‘சின்டாக்ஸ் ஓகே’ வந்ததும் ரீலோட் போதும். கான்ஃபிக்கில் ஒரு அடைப்புக்குறி விட்டுப் போயிருக்கும்போது ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு தளமும் சேர்ந்து படுத்துவிடும், அதுவும் வியாபாரிகள் விலை பார்க்க வரும் காலை நேரத்தில். ரீலோட் என்றால் தப்பைச் சொல்லிவிட்டு, பழைய கான்ஃபிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றும் தீர்ந்த பிறகு, மூன்று பூஜ்ஜியத்தோடு தொடங்கும் ஃபைலைத் திரும்ப இயக்கி, அதில் எந்தத் தளமும் வைக்காமல் ‘ரீடைரக்ட் 404’ என்று எழுதி, இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போடுங்கள். பொருந்தாத பெயர் எது வந்தாலும் 404 (‘பக்கம் இல்லை’) போகும், அப்பாவின் தளம் அடுத்தவன் டொமைனில் தெரியாது. அடுத்ததாக எஸ்எஸ்எல் (பூட்டுக் குறியோடு வரும் பாதுகாப்பான இணைப்பு) போடுவீர்கள். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் எடுக்கும்போது அவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக 80ஆம் போர்ட்டில் வந்து சரிபார்ப்பார்கள், ‘குவாட் ஏ’ ரெக்கார்ட் இருந்தால் அந்த வழியாகத்தான் முதலில் வருவார்கள். அதனால் மேலே சொன்னவை முடியாமல் அதைத் தொடங்காதீர்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்துக்கு முயற்சி செய்யவே விடமாட்டார்கள். முதலில் ‘டிரை-ரன்’ (ஒத்திகை) போட்டுப் பாருங்கள். சான்றிதழ் வந்ததும், பாதுகாப்பான இணைப்புகள் வரும் 443ஆம் போர்ட்டுக்குத் தனி பிளாக்குகள் உருவாகும், அங்கேயும் ‘பொருந்தாவிட்டால் முதல் ஆள்’ என்ற அதே விதிதான். மண்டிக்கு மட்டும் 443 பிளாக் இருந்து டியூஷனுக்கு இல்லையென்றால், பாதுகாப்பு எச்சரிக்கையோடு மறுபடி மண்டித் தளம் வரும், புதிய கோளாறு என்று மிரள வேண்டாம். இதற்கும் தனி ஐபி தேவையில்லை. இணைப்பு தொடங்கும்போதே தளத்தின் பெயரைச் சொல்லிவிடும் எஸ்என்ஐ என்ற ஏற்பாடு 2003இலேயே தரமாக வெளியாகிவிட்டது, இன்றைய எல்லாப் பிரவுசரும் அதைப் பேசும்.

நான் சொன்னது முழுக்கக் கையால் அமைத்த அப்பாச்சிக்கு. ஏதாவது கண்ட்ரோல் பேனல் போட்டிருந்தால் ஃபைலில் கை வைக்காமல் பேனல் வழியாகவே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் திருத்தத்தை மேலெழுதிவிடும். செய்து பார்த்தும் நிற்கவில்லையென்றால் அந்தப் பெரிய எஸ் கட்டளையின் முழு வெளியீட்டையும், 403 வரும் நொடியில் எர்ரர் லாகில் விழும் ஒரு வரியையும் இங்கே போடுங்கள். டொமைன் பெயரையும் ஐபியையும் மறைத்துக்கொள்ளலாம். ஃபைல் பெயர்களை மட்டும் மறைக்காதீர்கள், வரிசை அதில்தான் தெரியும்.